ஐப்பசி மழை, பங்குனிப் பூ

(காங்கேயத்தில் தாவர ஆர்வலர்கள் கூடிய மாலை நிகழ்ச்சியில், ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அரிசோனாவில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் சிலர் இங்கே வந்திருக்கிறீர்கள். உள்ளே நுழையும்போதே ஒருவர் பிடித்துக்கொண்டார். “அந்தப் பாலைவனத்தில் மலையடிவாரம் முழுக்கப் பூக்குமாமே, எப்போது போனால் பார்க்கலாம்?” பங்குனியில் போங்கள் என்று சொல்லிவிட்டு நான் மேடைக்கு வந்திருக்கலாம். அது பாதி பதில்தான். ஐப்பசியில் அங்கே மழை பெய்ததா என்று முதலில் மகளிடமோ மகனிடமோ கேளுங்கள். பெய்யவில்லை என்றால் பங்குனியில் பேரப்பிள்ளைகளைப் பார்க்கலாம். பூக்காட்டைப் பார்க்க முடியாது. ஐப்பசியில் பெய்து, மார்கழி, தை, மாசி மாதங்களிலும் விட்டுவிட்டுப் பெய்திருந்தால் பயணச்சீட்டை எடுத்துவிடுங்கள். மழைக்கும் பூவுக்கும் நடுவே இருக்கிற அந்த ஐந்து மாதத்தைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

சொனோரா பாலைவனம் அரிசோனாவின் தென்பாதி, கலிபோர்னியாவின் தென்கிழக்கு மூலை, மெக்சிகோவின் வடமேற்குப் பகுதி என்று பரந்து கிடக்கிறது. சுமார் 2,60,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல இரண்டு பங்கு. பாலைவனம் என்றதும் மணல்மேடும் ஒட்டகமும் நினைவுக்கு வந்தால் அவற்றைத் தள்ளிவையுங்கள். இது கல்லும் முள்ளும் மரமும் நிறைந்த நிலம். ஆண்டுக்கு பீனிக்ஸில் ஏறக்குறைய 190 மில்லிமீட்டர் மழை, டூசானில் 290. நம் காங்கேயம் வட்டாரத்தை வானம் பார்த்த பூமி என்கிறோம். நமக்குப் பெய்வதில் பாதிகூட பீனிக்ஸுக்குத் தேறாது. ஆனால் அந்தக் கொஞ்ச மழையும் இரண்டு பருவமாகப் பிரிந்து வருகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை இடியும் மின்னலுமாக ஒரு பருவம். குளிர்காலத்தில் பசிபிக் கடல் பக்கமிருந்து வரும் அமைதியான தூறல் மழை இன்னொன்று. கோடை மழைக்கு முளைக்கிற செடிக் கூட்டம் வேறு, குளிர்கால மழைக்கு முளைக்கிற கூட்டம் வேறு. ஒரே மண்ணில் இரண்டு விதைகளும் அடுத்தடுத்துக் கிடக்கும். ஒன்றின் மழைக்கு மற்றது எழுந்திருக்காது.

இனி நடக்கலாம். பீனிக்ஸுக்குக் கிழக்கே, நகரம் முடிகிற இடத்தில், சூப்பர்ஸ்டிஷன் மலை செங்குத்தாக எழுந்து நிற்கிறது. உயரம் 5,000 அடிக்குச் சற்று மேல். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு எரிமலைகள் கக்கிய சாம்பல் இறுகிப் பாறையானது அது. அதன் காலடியில் லாஸ்ட் டச்மேன் என்ற மாநிலப் பூங்கா இருக்கிறது. 1891இல் இறந்துபோன ஜேக்கப் வால்ட்ஸ் என்ற ஜெர்மானியர் இந்த மலைக்குள் எங்கோ தங்கச் சுரங்கம் கண்டுபிடித்து, இடத்தைச் சொல்லாமல் போய்விட்டார் என்று ஒரு கதை. இன்றைக்கும் அதைத் தேடி உள்ளே போகிறவர்கள் இருக்கிறார்கள், திரும்பாதவர்களும் உண்டு. தங்கத்தைத் தேடாமல் அடிவாரத்திலேயே சுற்றுகிறவர்களுக்கு மாசிக் கடைசியில் வேறொரு பொன் கிடைக்கும்.

வண்டியை நிறுத்தியதும் எல்லோரும் உச்சியைத்தான் பார்ப்பார்கள். சைபன் டிரா என்ற பாதை நேராகப் பாறை இடுக்குக்குள் ஏறும். இளைஞர்கள் அதில் போகட்டும். பூவுக்காக வந்தவர் ஏற வேண்டியது கொஞ்சம்தான். மலையின் இடுப்பு வரைக்கும் போகத் தேவையில்லை. காரணம் மண்ணில் இருக்கிறது. மலை உதிர்த்த கல்லும் சரளையும் அடிவாரத்தில் சரிந்து கிடக்கின்றன. மேலே பெருங்கல், அதற்குக் கீழே சரளை, இன்னும் கீழே மணல், கடைசியில் சமவெளியில் மாவு போன்ற வண்டல். பெய்கிற மழை பாறை முகத்தில் ஒட்டாமல் வழிந்து இந்தச் சரளையில் இறங்கும். ஆக, வானம் கொடுத்த பங்கோடு பாறை வடித்த பங்கும் அடிவாரத்துக்குச் சேர்கிறது. சரளைக்குள் போன தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. மேலே கிடக்கிற கல்லே மூடாக்கு. சமவெளி வண்டலில் நிலைமை தலைகீழ். அங்கே கொஞ்ச ஆழத்திலேயே சுக்கான்பாறை படிந்திருக்கும். மழை இறங்க வழியில்லாமல் மேலாகவே நின்று, இரண்டு நாள் வெயிலில் போய்விடும். மழைமானிக் கணக்கில் இரண்டு இடத்துக்கும் ஒரே அளவுதான். செடியின் கணக்கில் ஒன்று வயல், மற்றது தரிசு.

சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதையும் கவனியுங்கள். தெற்கு நோக்கிய சரிவில் குளிர்கால வெயில் நேராக விழும். அங்கே பூ முந்தும். வடக்குச் சரிவு பிந்தும். தெற்கே முடிந்துவிட்டது என்று வருத்தப்படுகிறவர் அதே குன்றைச் சுற்றி மறுபக்கம் போனால் இன்னும் மொட்டாக இருப்பதைப் பார்க்கலாம். காரில் போகிறவருக்கு இது தெரியாது. அதனால்தான் இதை நடந்து பார்க்க வேண்டிய காட்சி என்கிறேன்.

முதலில் கண்ணில் படுவது மெக்சிகோ பொன் பாப்பி. நான்கு இதழ், ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த நிறம், முழங்காலுக்குக் கீழே நிற்கும் செடி. நம் ரோட்டோரத்தில் முள்ளும் மஞ்சள் பூவுமாக நிற்கிற பிரம்மதண்டுக்கு இது ஒரே குடும்பம். தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான் தேனீக்குக் கூலி. வெயில் ஏறினால்தான் இதழ் விரிக்கும். மேகம் மூடினாலோ குளிர்காற்று அடித்தாலோ குடையை மடக்குவது மாதிரி சுருட்டிக்கொள்ளும். விடிகாலை நடைதான் உடம்புக்கு நல்லது என்று ஆறு மணிக்கே போய் நிற்கிற நம்மவர்கள், பூக்கவே இல்லை என்று திட்டிவிட்டு ஏழரைக்குத் திரும்பி வந்துவிடுவார்கள். பத்து மணிக்குப் போங்கள்.

அதற்குப் பக்கத்தில் ஊதா நிறத்தில் நிற்பது லூபின். பயறு, அவரைக் குடும்பம். வேர் முடிச்சில் தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்கிற வித்தை தெரிந்தது, அதனால் ஏழை மண்ணிலும் செழிக்கும். பாறை இடுக்கில் வெள்ளி பூசிய இலையோடு உருண்டையாக நிற்கும் புதர் பிரிட்டில்புஷ். உடலெல்லாம் மஞ்சள் பூ. வறட்சி கூடக் கூட இதன் புது இலைகள் இன்னும் வெளுப்பாக வரும், வெயிலைத் திருப்பி அனுப்ப. இதன் பிசினை அந்தக் காலத்து ஸ்பானியப் பாதிரியார்கள் தேவாலயத்தில் சாம்பிராணியாகப் புகைத்தார்கள். ஆந்தைக் குளோவர் என்று ஒரு குட்டிச்செடி, இளஞ்சிவப்பு. பார்க்கச் சாது, ஆனால் மண்ணுக்கடியில் அயல்செடியின் வேரைத் துளைத்து உறிஞ்சுகிற அரை ஒட்டுண்ணி. ஊதாவும் நீலமுமாகச் சுருண்டு நிற்கிற பசேலியாவைத் தொடாதீர்கள். சிலருக்குத் தோல் தடிக்கும்.

ஓடைக்கரையில் சிவப்புக் குழல் பூவோடு ஒரு புதர் இருக்கும். அங்கே சுப்பரோசா என்கிறார்கள். நம் வேலியில் இருக்கிற ஆடாதோடையின் பேரினம். அறிவியல் பெயரில் இரண்டும் ஜஸ்டிசியா. சற்று நின்றால் ஹம்மிங் பறவை ஒன்று அந்தரத்தில் நின்றபடி குழலுக்குள் அலகை விடுவதைப் பார்க்கலாம்.

இந்த வரிசையில் இரண்டு சாதி கலந்திருக்கிறது, கவனித்தீர்களா? பிரிட்டில்புஷ், சுப்பரோசா போன்றவை பல ஆண்டு வாழும் புதர்கள். மழை குறைந்தால் குறைவாகவேனும் பூக்கும். பாப்பி, பசேலியா, ஆந்தைக் குளோவர், அங்கே காண்கிற லூபின் எல்லாம் ஒருபருவச் செடிகள். அந்தப் பாலையின் தாவர இனங்களில் ஏறக்குறைய பாதி இப்படிப்பட்டவை. இவற்றுக்கு வறட்சியைத் தாங்கும் தடித்த தண்டோ ஆழமான வேரோ கிடையாது. வறட்சியை இவை சந்திப்பதே இல்லை. விதையாக இருந்து கடத்திவிடுகின்றன. ஆண்டுக்கணக்கில்.

அந்த விதைக்கு எப்போது எழ வேண்டும் என்று எப்படித் தெரிகிறது? 1940களின் இறுதியில் கலிபோர்னியாவில் ஃபிரிட்ஸ் வென்ட் என்ற டச்சு தாவரவியலர் பாலைவன மண்ணை அள்ளிவந்து சோதனைக்கூடத்தில் செயற்கை மழை பெய்வித்தார். பத்து மில்லிமீட்டர் மழைக்கு ஒன்றும் அசையவில்லை. சுமார் 25 மில்லிமீட்டர் பெய்ததும் முளைத்தன. அதே அளவு தண்ணீரை மேலிருந்து ஊற்றாமல் அடியிலிருந்து மண்ணுக்குள் ஏறவிட்டபோது விதை எழவில்லை. ஈரம் மட்டும் போதாது. விதையுறையில் இருக்கும் முளைப்புத் தடைப்பொருளை மேலிருந்து கழுவிக்கொண்டு போக ஒரு கனத்த மழை வேண்டும். விதை மழையை அளக்கிறது என்று இதைச் சொன்னால் மிகையில்லை. அதோடு வெப்பத்தையும் பார்க்கிறது. அதே 25 மில்லிமீட்டர் ஆகஸ்டில் பெய்தால் பாப்பி விதை படுத்தே இருக்கும். மண்ணின் சூடு இறங்கிய பிறகு, செப்டம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கத்துக்குள் பெய்ய வேண்டும். நம் கணக்கில் ஐப்பசி, கார்த்திகை.

முளைத்ததும் உடனே பூப்பதில்லை. குளிர்காலம் முழுக்க இலைகளைத் தட்டையாக மண்ணோடு விரித்து, உள்ளங்கை அகலத்தில் படுத்துக் கிடக்கும். தரையோடு ஒட்டிய காற்று மேலே இருப்பதைவிடச் சூடு. அந்தச் சூட்டில் இலை வேலை செய்ய, வேர் கீழே போகும். மார்கழியில் அந்தப் பாதையில் நடக்கிறவர் தலையைக் குனிந்து இந்த இலைவட்டங்களைப் பார்த்தாலே பங்குனி எப்படி இருக்கும் என்று சொல்லிவிடலாம். நடுவே மழை நின்று போனாலும் கதை முடியும். எல்லாம் சரியாக வந்து, மார்ச் முதல் வாரத்தில் திடீர் வெப்பக்காற்று அடித்தாலும் முடியும்.

இப்போது இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ஐப்பசி மழை நன்றாகவே பெய்தது என்று வையுங்கள். அப்போதும் எல்லா விதையும் முளைக்காது. ஒரே செடி உதிர்த்த விதைகளில் சில எழும், சில எழாது. நம் மானாவாரி விவசாயி முதல் மழைக்கே விதைக் கம்பு முழுவதையும் இறைத்துவிட மாட்டார். அடுக்குப் பானையில் ஒரு பங்கு இருக்கும். அந்தப் பங்கு ஏன் வேண்டும் என்பதை 1966இல் இஸ்ரேலைச் சேர்ந்த டான் கோஹன் கணிதமாக எழுதிக் காட்டினார். தலைமுறைகளின் பெருக்கம் கூட்டல் கணக்கு இல்லை, பெருக்கல் கணக்கு. ஒரு நல்ல ஆண்டில் ஒன்று பத்தாகலாம், இன்னொன்றில் இருபதாகலாம். வரிசையில் ஒரே ஒரு சுழியம் வந்தால் மொத்தமும் சுழியம். எல்லாவற்றையும் முளைக்கவிட்ட செடியின் வம்சம் அந்த ஆண்டோடு அற்றுப்போகும். பாதியை மண்ணில் வைத்த செடி நல்ல ஆண்டில் கொஞ்சம் இழக்கும், கெட்ட ஆண்டில் பிழைக்கும்.

காகிதத்தில் இருந்த இந்தக் கணக்கை மண்ணில் சரிபார்த்தவர்கள் டூசான்காரர்கள். நகரத்தின் மேற்கே டுமமாக் என்று ஒரு கருங்கற்குன்று. 1903இல் கார்னகி நிறுவனம் அங்கே பாலைவன ஆய்வுக்கூடம் அமைத்தது. சில ஆண்டுகளில் வேலி போட்டு மேய்ச்சலை நிறுத்தினார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அந்த மண் கவனிக்கப்பட்டு வருகிறது. அங்கே லாரன்ஸ் வெனபிள் என்ற ஆய்வாளரும் உடன் வேலை செய்தவர்களும் 1980களின் தொடக்கத்திலிருந்து சிறு சிறு கட்டங்களில் ஒவ்வொரு நாற்றையும் எண்ணினார்கள். முளைத்தது எத்தனை, விதை வைக்கும் வரை பிழைத்தது எத்தனை, மண்ணில் மிச்சம் எத்தனை. ஆண்டு தவறாமல். 2007இல் வந்த முடிவு இது: எந்த இனத்தின் விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு அதிகமாக ஏறி இறங்குகிறதோ, அந்த இனம்தான் விதையில் பெரிய பங்கை முளைக்க விடாமல் மண்ணில் வைத்திருக்கிறது. இப்படி முட்டி தேய உட்கார்ந்து கால் நூற்றாண்டு நாற்று எண்ணுகிற வேலைக்கு நம் பல்கலைக்கழகங்களில் யார் பணம் தருவார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். அது வேறு கூட்டத்துக்கான பேச்சு.

செடி மட்டுமில்லை. அந்தப் பாலையில் கூட்டம் சேராமல் தனித்து, மண்ணுக்குள் வளைதோண்டி வாழ்கிற தேனீ இனங்கள் ஏராளம். அவற்றில் சில, மழை தவறிய ஆண்டில் வெளியே வருவதில்லை. புழுப் பருவத்திலேயே மண்ணுக்குள் இன்னொரு ஆண்டு கிடக்கின்றன. பூவும் தேனீயும் ஒரே மழைக்குத்தான் எழுகின்றன.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு போகிறவருக்கும், படம் எடுக்க மட்டும் போகிறவருக்கும் வேறுபாடு உண்டு. 2019இல் மழை கொட்டியது. பீனிக்ஸுக்கும் டூசானுக்கும் இடையே பிகாச்சோ பீக் அடிவாரம், இந்த சூப்பர்ஸ்டிஷன் அடிவாரம் எல்லாம் பொன் போர்த்திக்கொண்டன. கலிபோர்னியாவில் லேக் எல்சினோர் என்ற ஊரை ஒட்டிய பள்ளத்தாக்கில் வார இறுதியில் பல்லாயிரம் பேர் கூடி, நெடுஞ்சாலையே அடைத்துப்போனது. படத்துக்காகப் பாதையை விட்டு இறங்கிப் பூவின்மேல் உட்கார்ந்தார்கள், சிலர் படுத்தார்கள். 2023இல் மறுபடியும் நல்ல பூப்பு வரும் என்று தெரிந்தபோது அந்த ஊர் நிர்வாகம் பள்ளத்தாக்கை முன்கூட்டியே மூடிவிட்டது. சரியான முடிவு என்பேன். மிதிபட்ட செடி அந்த ஒரு பூவை மட்டும் இழப்பதில்லை. விதை வைக்காமல் போகிறது. மண்ணில் இருக்க வேண்டிய கையிருப்பு அந்த அளவுக்குக் குறைகிறது. அதன் நட்டம் அடுத்த வறட்சியில்தான் தெரியும்.

பூக்காத ஆண்டில் போய் மாட்டிக்கொண்டவர்கள் வீட்டில் உட்கார வேண்டாம். ஒகொட்டியோ என்று ஒரு செடி இருக்கிறது. தரையிலிருந்து விசிறியாக எழும் முள் தடிகள். வருடத்தில் பெரும்பகுதி பட்டுப்போனதுபோல் நிற்கும். மழை விழுந்த சில நாளில் இலை விடும், காய்ந்தால் உதிர்க்கும், மறுபடி விடும். ஆனால் மழை தவறினாலும் வசந்தத்தில் தடியின் நுனியில் செம்பூங்கொத்து தவறாது. வடக்கே வலசை போகிற ஹம்மிங் பறவைகளுக்கு அதுதான் வழிச்சோறு.

அடுத்து, இந்த ஊர்க்காரர்களுக்குச் சம்பந்தமுள்ள ஒரு விஷயம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிரம்மதண்டும் சப்பாத்திக்கள்ளியும் இங்கே வந்தன. சீமைக்கருவேலமும் அந்தப் பக்கத்துச் சரக்குதான். அதன் நெருங்கிய உறவான மெஸ்கீட் மரத்தின் காயை இடித்து மாவாக்கி உண்டு வாழ்ந்தவர்கள் அந்தப் பாலையின் பழங்குடியான ஓதாம் மக்கள். அங்கே அது மதிப்புள்ள மரம். பதிலுக்கு நம் கொறங்காட்டில் கிளுவை வேலிக்குள் காங்கேயம் மாடு மேய்கிற கொழுக்கட்டைப் புல் அங்கே போயிருக்கிறது. நம் மண்ணிலிருந்து இல்லை. 1930களில் மேய்ச்சலுக்கும் மண்ணரிப்பைத் தடுக்கவும் ஆப்பிரிக்க விதையைக் கொண்டுபோய் விதைத்தார்கள். மேய்ச்சல் நிலத்தில் நிற்கவில்லை. தெற்கு நோக்கிய கல் சரிவுகளில் ஏறிவிட்டது. அதாவது, எங்கே பூ முந்துமோ அதே இடத்தில்.

புல்லைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் கொறங்காட்டில் மாடும் ஆடும் அதை அடிவரை மேய்ந்துவிடுகின்றன. அங்கே கல் சரிவில் மேய ஆளில்லை. காய்ந்து அடர்ந்து நிற்கும். தீப்பொறி விழுந்தால் மலையேறும். சொனோரா நிலம் தீயை அறியாத நிலம். முன்பெல்லாம் செடிக்கும் செடிக்கும் நடுவே வெறும் மண் இருந்ததால் தீ பிடித்தாலும் அங்கேயே அணையும். இப்போது அந்த இடைவெளியைப் புல் நிரப்பிவிட்டது. எரிந்த பிறகு புல் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். முதல் பூ பூக்கவே முப்பத்தைந்து ஆண்டு எடுத்துக்கொள்ளும் சவாரோ கள்ளிக்கு அது முடியாது. 2005இல் அரிசோனா அரசு இந்தப் புல்லைத் தீங்குதரும் களை என்று அறிவித்தது. டூசான் அடிவாரங்களில் தன்னார்வலர்கள் வார இறுதியில் கடப்பாரையோடு போய் தூரோடு பெயர்க்கிறார்கள். நம் ஊர் ஆள் ஒருவர் அதைப் பார்த்தால் நெஞ்சு பதறும். இத்தனை தீவனம் வீணா என்பார்.

நான் சொன்ன 2019இன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த வசந்தத்தின் செழிப்பு மே மாதத்தில் சருகானது. ஜூனில் சூப்பர்ஸ்டிஷன் காட்டுப்பகுதியில் மனிதர் கையால் தொடங்கிய ஒரு தீ 1,20,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. பாலையின் சொந்தச் செடிகள் காய்ந்தால் சீக்கிரம் உதிர்ந்து பொடியாகிவிடும். வெளியிலிருந்து வந்த புற்கள் மாதக்கணக்கில் நின்று எரியக் காத்திருக்கும். இப்போது பீனிக்ஸ் பக்கம் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த இன்னொரு களை, மஞ்சள் குண்டுமணிப் பூவோடு சாலையெல்லாம் பரவுகிறது. கசக்கினால் நாறும். அதன் நடுவே நின்று காட்டுப்பூ என்று படம் எடுத்து அனுப்புகிறவர்கள் நம் உறவுகளிலேயே உண்டு.

போகிறவர்களுக்கு நான்கு வார்த்தை. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீருக்குக் குறையாமல் எடுத்துப் போங்கள். குளிர்ந்த காற்றாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். பல் அகன்ற சீப்பு ஒன்று பையில் இருக்கட்டும். தலை வார இல்லை. டெடி பேர் சோய்யா என்று பஞ்சுபோலத் தெரியும் கள்ளி ஒன்று உண்டு. லேசாக உரசினால் துண்டாகக் கழன்று காலில் ஏறிக்கொள்ளும். கையால் எடுத்தால் கையிலும் ஏறும்; சீப்பைக் கொடுத்து நெம்பித் தட்டிவிட வேண்டும். மார்ச்சில் கிலுகிலுப்பை விரியன் வளையை விட்டு வெயில் காய வரும். பாறை இடுக்கில் கை வைத்து ஏறாதீர்கள். பூவைப் பறிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். பூஜைக்கு என்று சொன்னாலும் எடுபடாது.

கோடை விடுமுறையில்தான் போக முடியும் என்கிறவர்களுக்கும் ஒன்று இருக்கிறது. சித்திரையில் பாலோ வெர்டே மரங்கள் ஊரையே மஞ்சளாக்கும். வைகாசியில் சவாரோவின் உச்சியில் வெள்ளைப் பூ இரவில் விரியும். வௌவால்கள் வந்து போகும். விடிந்ததும் தேனீயும் புறாவும் வரும். மறுநாள் பிற்பகலுக்குள் மூடிவிடும். அதற்கு மட்டும் விடிகாலை நடை பொருந்தும், எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். அந்த மாத வெயில் 40 பாகையைத் தாண்டும்.

இந்த இடங்களின் படங்கள் கொஞ்சம் கொண்டுவந்திருக்கிறேன். முதலில் வருவது மார்கழியில் எடுத்தது, பாப்பியின் இலைவட்டம் மட்டும். பூ கடைசியில்தான் வரும். அவற்றைப் பார்த்துக்கொண்டே கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம்.